எட்டில் நடக்கிறவர்

மில் காலனிப் பூங்காவில் செங்கல் பதித்து எட்டு வடிவத்தில் ஒரு நடைபாதை போட்டு, அதைத் திறந்து வைக்கத் தை மாதத்து இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையைக் குறித்து, மாலை நான்கு மணிக்குக் கட்சித் தலைவர் வருவதாகச் சொல்லி, நாலரைக்கு ராகு காலம் தொடங்கிவிடுமே என்று எல்லாரும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், தலைவர் இரண்டு ஊர் தள்ளி ஒரு காதுகுத்து வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார் என்பதால், அவருக்குப் பதிலாகச் சென்னியப்பன் நடக்கத் தொடங்கினார், தொடங்கியவர் நிற்கவில்லை.

நல்ல காரியத்தை ராகு காலத்தில் தொடங்க யாருக்கும் மனமில்லை. தலைவருக்கு முன்னால் எட்டில் கால் வைக்கவும் யாருக்கும் துணிச்சல் இல்லை. பூங்காக் கமிட்டியின் செயலாளர் திருமூர்த்தி, காலனி முனையில் மாவு மில் வைத்திருப்பவர், புருவத்தில் எப்போதும் கொஞ்சம் மாவு ஒட்டியிருக்கும், அவர்தான் சுற்றிலும் பார்த்து, கால் வைத்தால் யாருக்கும் பொறாமை வராத ஓர் ஆளைக் கண்டுபிடித்தார். "சென்னியண்ணா, நீங்க சும்மா நடந்துட்டே இருங்கோ. தலைவர் வர்ற வரைக்கும் நிக்காதீங்கோ. அவரு வந்து ரிப்பன் வெட்டுனதீம் நிறுத்திக்கலாம்" என்றார். மில்லில் பத்தொன்பது வருஷம் நூற்பு மிஷினுக்கு முன்னால் நடந்தே பழகிய சென்னியப்பன், அறுபத்தொரு வயதில் இன்னொரு முறை தன்னை ஒரு வேலைக்குக் கூப்பிட்டார்களே என்று சந்தோஷமாகச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்.

அவர் மனைவி மயிலாத்தாளுக்கு முதலில் வந்தது பயமில்லை, வெட்கம்தான். ஐந்தரைக்குத் தலைவரின் கார் நேராகக் கோயம்புத்தூர் போய்விட்டதாகவும், அடுத்த வாரம் கண்டிப்பாக வருவதாகவும் போன் வந்து, மைக் செட்காரன் ஒயரைச் சுருட்டி, பிளாஸ்டிக் நாற்காலிகளை வண்டியில் ஏற்றிய பிறகும் இந்த மனிதர் மட்டும் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்து, "எங்கூட்டுக்காரருகிட்ட ஒரு வேலையச் சொன்னாப் போதுங்க, பிடிச்ச பிடிய உட மாட்டாரு" என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சிரித்துச் சமாளித்தாள். பிறகு பாதையோரம் போய், "ஏனுங், போதும், வாங்க" என்று கையை நீட்டினாள். அவர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வையை அவள் அதுவரை கண்டதில்லை.

"கால் நிக்க மாட்டேங்குது மயிலு" என்றார்.

நான்கு ஆண்கள் சேர்ந்து பிடித்தார்கள், அரிசி மூட்டையை இழுப்பதுபோல் நான்கு பேரையும் இழுத்துக்கொண்டு அவர் நடந்தார். அப்படியே தூக்கினார்கள், கால்கள் காற்றில் நடந்தன, முகம் நீலம் பாய்ந்து மூச்சு நின்றது, பதறிப்போய் மறுபடியும் எட்டில் விட்டார்கள், மூச்சு வந்தது. மயிலாத்தாள் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அப்போது பிடித்த பயம் பிறகு ஏழு மாதம் விடவில்லை.

இந்தப் பூங்காவுக்கு ஒரு சரித்திரம் உண்டு, பெரிய சரித்திரம் ஒன்றுமில்லை, காலனிக்கு ஏற்ற அளவிலான சரித்திரம். மில் நன்றாக ஓடிய நாளில், கழிவுப் பஞ்சு கொட்டிவைத்திருந்த இரண்டு ஏக்கர் மேட்டைச் சமன்செய்து, தன் மனைவி பூச்செடி கேட்டாள் என்பதற்காக ஒரு மேனேஜர் உண்டாக்கியது. ஓட்டுக்கூரை போட்ட ஒரு ரேடியோ ரூம், தும்பிக்கை வழியாகப் பிள்ளைகள் சறுக்கி வரும் ஒரு சிமெண்டு யானை, வட்டமான ஒரு தொட்டி. அந்தத் தொட்டியில் தண்ணீர் பீய்ச்சியடித்ததைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்கிறவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள், மூன்று பேரும் மூன்று வருஷத்தைச் சொல்வார்கள். சாயங்காலம் ரேடியோ ரூம் குழாயில் செய்தி வாசிக்கும்போது முதல் ஷிப்டு முடித்தவர்கள் தலையில் பஞ்சோடு புல்லில் படுத்துக் கேட்பார்கள். பிறகு மில்லைப் பூட்டினார்கள். பூங்காவைப் பூட்ட யாருக்கும் தோன்றவில்லை, அதனால் அது திறந்து கிடந்தபடியே செத்தது. சீமைக் கருவேலம் முளைத்தது, யானைக்கு ஒரு காது உடைந்தது, காலி பாட்டில்களும் கிழிந்த மெத்தைகளும் கோழிக்கடைக் கழிவும் வந்து சேர்ந்தன, இருபத்திரண்டு வருஷம் காலனிக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அதன் ஓரமாகப் பஸ்ஸுக்குப் போனார்கள். ஒரு நாள் வாசலில் ஒரு பலகை நட்டிருந்தது. இவ்விடத்தில் வணிக வளாகம் அமைய உள்ளது என்று அதில் எழுதியிருந்தது. தங்களுக்கு ஒரு பூங்கா இருப்பது காலனிக்கு அன்றைக்குத்தான் நினைவு வந்தது.

அப்புறம் நடந்ததை மில் காலனி இன்றைக்கும் மார்தட்டித்தான் சொல்லும், சொல்லட்டும், அதில் பொய்யில்லை. ஞாயிறுதோறும் நாற்பது பேர் அரிவாளும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள், கருவேலத்தை வேரோடு பறித்தார்கள், பதினெட்டு டிராக்டர் குப்பை போனது, பெண்கள் சிமெண்டு யானையைச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டினார்கள், ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் முதல் ஆளாய் வந்து கடைசி ஆளாய்ப் போனவர் சென்னியப்பன். எட்டு வடிவில் நடந்தால் சர்க்கரையும் முழங்கால் வலியும் குறையும் என்று ஊரெல்லாம் எட்டுப் போட்டு நடந்துகொண்டிருந்த காலம் அது, ஆகவே நடுவில் ஓர் எட்டுப் போட்டார்கள். அதைத் தலைவர் திறந்துவைத்து, அவர் பேரைக் கல்லில் வெட்டிவிட்டால், அந்தக் கல்மேல் எந்த அதிகாரி ஜேசிபியை ஏற்றுவான் என்பது திருமூர்த்தியின் கணக்கு.

முதல் வாரம் காலனியில் அடுப்பெரியவில்லை என்றே சொல்லலாம். கதவைச் சாத்திக்கொண்டு எல்லாரும் உள்ளே இருந்தார்கள். எட்டின் பக்கம் யாரும் போகவில்லை, செங்கல் கரையை மிதிக்கக்கூடப் பயந்தார்கள். டாக்டர் வந்தார், கூடவே நான்கு சுற்று நடந்து நாடி பார்த்து, உடம்பில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் தன் கால் தன் பேச்சைக் கேட்கிறதா என்று நின்று சரிபார்த்துக்கொண்டு போனார். பூசாரி வந்தார், எலுமிச்சம்பழம் நறுக்கிக் காலடியில் போட்டார், பழம் நசுங்கியதுதான் மிச்சம். மகள் பூங்கொடி திருப்பூரிலிருந்து வந்து வேலியைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் அழுதாள், நான்காம் நாள் பிள்ளைக்குப் பரீட்சை என்று போனாள்.

ஆனால் பயத்தோடு எத்தனை நாள் குடித்தனம் பண்ண முடியும்? இரண்டாவது வாரம் பால் வாங்கப் போகிறவர்கள் பூங்கா வழியாகப் போய் "என்னண்ணா, சாப்டாச்சுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மூன்றாவது வாரம் வெளிப்பாதையில் நடைப்பயிற்சிக்காரர்கள் வந்துவிட்டார்கள். மயிலாத்தாள் கரைக்கு வெளியே அவரோடு நடந்தபடி சோற்றை உருட்டி உருட்டி வாயில் கொடுத்தாள். செடிக்குத் தண்ணீர் விடும் ஓஸ் குழாயால் வெயில் ஏறியதும் அவரைக் குளிப்பாட்டினார்கள். சவரக்கடைக்காரர் பின்னோக்கி நடந்து நடந்து சவரம் பண்ணக் கற்றுக்கொண்டார், ஒரு கீறல் விழவில்லை, அதை அவர் மற்ற வாடிக்கைக்காரர்களிடம் சொல்லாத நாளில்லை. மற்ற காரியங்களுக்கு ஒரு தென்னந்தட்டியைச் செய்து இரண்டு பேர் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்கள், காலனி மரியாதையாய் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ரேஷன் கடைக்காரர் கைரேகை மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து ஒன்றரைச் சுற்றில் ரேகை எடுத்தார். கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்கள் தாம்பாளத்தோடு ஒரு சுற்று நடந்து வைத்தார்கள். அவர் நடந்துகொண்டே தூங்கினார், கண் திறந்திருக்கும், குறட்டை வரும். ஒரு சுற்றுக்கு ஒரு நிமிஷம் பத்து விநாடி, அதில் ஒரு விநாடி கூடவோ குறையவோ இல்லை, அதைப் பார்த்து முட்டை வேகவைக்கிறவர்களும் இருந்தார்கள்.

மயிலாத்தாள் ஒருத்திதான் பழகவில்லை. அத்தனை பேரும் பழகிக்கொள்வதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பயம் கூடியது.

மாசி கடைசியில் ஜேசிபி வந்தது. கூட ஒரு ஜீப்பில் அதிகாரிகள் வந்தார்கள். சிமெண்டு யானையை முதலில் இடிப்பது என்று முடிவு. ஓட்டுகிறவன் வண்டியை உள்ளே விட்டு, எட்டுக்கு அருகில் வந்ததும் சென்னியப்பனைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு எஞ்சினை அணைத்து, இறங்கி, செருப்பைக் கழற்றிவைத்து, கன்னத்தில் போட்டுக்கொண்டு, சாவியை அதிகாரி கையில் கொடுத்துவிட்டு நடந்தே ஊருக்குப் போய்விட்டான். இரண்டாவது டிரைவருக்கு வாசலைத் தாண்டுமுன்பே காய்ச்சல் வந்தது. அதற்குப் பிறகு அந்த டெண்டரைக் கையால் தொட ஒரு காண்டிராக்டர் இல்லை. வாசலில் இருந்த பலகையை யாரும் பிடுங்கவில்லை, ஒரு காற்றில் அதுவாகவே விழுந்தது, அதன் முதுகில் 'பூக்களைப் பறிக்காதீர்' என்று எழுதித் திருப்பி நட்டார்கள்.

அன்றைக்குக் காலனி பட்டாசு வெடித்தது. புல் பிடித்தது, தொட்டியில் தண்ணீர் பீய்ச்சியது, இந்த முறை எல்லாரும் பார்த்தார்கள், ரேடியோ ரூமுக்கு ஓடு மாற்றிப் புத்தகசாலை ஆக்கினார்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் வண்டி கட்டி வந்து இப்படி ஒரு பூங்கா எங்களுக்கு இல்லையே என்று பெருமூச்சு விட்டார்கள். திருமூர்த்தி மயிலாத்தாளிடம் வந்து கண் கலங்கி, "அக்கா, நம்ம பூங்காவக் காப்பாத்துனதே அண்ணன்தானுங்" என்றார்.

"அது சரி தம்பி. தலைவர எப்பக் கூட்டியாறீங்க? அவரு வந்தா நிறுத்திக்கலாம்னு நீங்கதான சொன்னீங்க?"

"வர்றாருங்க்கா. சட்டசபை முடிஞ்சதீம் வர்றாரு."

சட்டசபை முடிந்ததும் வெளிநாட்டுப் பயணம், பயணம் முடிந்ததும் முழங்கால் ஆபரேஷன், ஆபரேஷன் முடிந்ததும் ஆடி மாசம், ஆடியில் எதையும் திறக்க மாட்டார். ஒவ்வொரு முறையும் மயிலாத்தாள் நம்பினாள். நம்பாமல் என்ன செய்வது?

அந்த ஆடியில்தான் அவள் வேட்டியைக் கவனித்தாள். துவைக்க எடுத்தபோது கரையெல்லாம் செம்மண்ணாய், தரையில் இழுபட்டு நைந்திருந்தது. இடுப்பு இளைத்துவிட்டது போல என்று நினைத்து ஒரு மடிப்பு மடித்துத் தைத்தாள். பத்து நாளில் மறுபடியும் இழுபட்டது, இன்னொரு மடிப்புத் தைத்தாள். மூன்றாவது மடிப்புத் தைக்கும்போது ஊசி கையில் நின்றது. எட்டின் வளைவில் ஒரு விளக்குக் கம்பம், அதில் பதினான்கு என்று வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருக்கும், தை மாதத்தில் அந்த எண் அவர் காதுக்கு நேராக இருந்தது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஓடிப் போய் நின்று பார்த்தாள். அவர் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் எண் இருந்தது.

அவர் தேய்ந்துகொண்டிருந்தார். செங்கல்லில் தேய்கிற சாக்பீஸ் மாதிரி அடியிலிருந்து தேய்ந்துகொண்டிருந்தார், ரத்தமில்லை, வலியில்லை, கால் விரலெல்லாம் ஒழுங்காக இருந்தது, ஆள் மட்டும் குறைந்துகொண்டு வந்தார்.

கமிட்டியில் போய்ச் சொன்னாள். "வயசானா எல்லாருந்தானுங்க்கா குறுகறது" என்றார் ஒருவர். "வெயில்ல நின்னு பாத்தா அப்புடித்தான் தெரியும்" என்றார் இன்னொருவர். யாரும் அவள் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவர்களுக்கும் தெரியும் என்பது அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஆவணி பிறந்து ஆறாம் நாள் காலை டிவியில் தலைவர் காலமானார் என்று வந்தது. மயிலாத்தாள் தெருவில் இறங்கி மாரிலடித்துக்கொண்டு அழுதாள். தலைவர் வீட்டில்கூட யாரும் அப்படி அழுதிருக்க மாட்டார்கள் என்று காலனியில் பேசிக்கொண்டார்கள். மத்தியானம் பஸ் ஏறித் தலைவர் வீட்டுக்குப் போனாள், வரிசையில் மூன்று மணி நேரம் நின்று, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த முகத்தைப் பார்த்து, "ஒரு நடை வந்திருக்கலாமே சாமி" என்றாள். பக்கத்தில் நின்ற உதவியாளர் பரிதாபப்பட்டு எந்த ஊர் என்று விசாரித்தார். சொன்னாள்.

"மில் காலனிப் பூங்காங்களா? அது தை மாசத்துல ஒரு தடவை கூப்டாங்க, வர முடியலை. அப்புறம் அடுத்த தேதி கேட்டு நாந்தான் ரெண்டு மூணு தடவை போன் பண்ணுனேன். இப்ப வேண்டாங்க, நாங்களே சொல்றோம்னு வெச்சுட்டாங்களே அம்மா."

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கினாள். நேராக மாவு மில்லுக்குப் போனாள். மிளகாய் அரைத்துக்கொண்டிருந்த திருமூர்த்தி அவளைப் பார்த்ததும் மோட்டாரை நிறுத்தினார்.

"வேண்டாம்னு நீங்கதான் சொன்னீங்களா தம்பி?"

அவர் ஜல்லடையைத் தட்டிக் கீழே வைத்தார். பிறகு சொன்னார்: "தலைவர் வருவாரு, ரிப்பன் வெட்டுவாரு, போட்டோ எடுப்பாரு, போயிருவாரு. அண்ணன் நின்னுருவாரு. மக்யா நாளு விடிஞ்சதீம் ஜேசிபி வருங்க்கா. அத்தன ஞாயித்துக்கெழம, அத்தன பேரு ஒழப்பு. அண்ணன் ஒருத்தரு நடக்கறதுனால அத்தனையும் நிக்குது. நான் என்ன பண்றதுங்?"

"உங்க அண்ணன் கரைஞ்சுட்டு வர்றாரே தம்பி. எம் மாருக்குத்தான் இப்ப வர்றாரு."

"தெரியுங்க்கா" என்றார் திருமூர்த்தி. அவர் அழுதார், ஆனால் அழுகையால் என்ன ஆகும், மிளகாய் நெடியில் இருவருக்குமே கண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது.

அவள் அங்கிருந்து பூங்காவுக்கு நடந்தாள். டாக்டரைக் கேட்டாயிற்று, பூசாரியைக் கேட்டாயிற்று, கமிட்டியைக் கேட்டாயிற்று, செத்துப்போன தலைவரைக்கூடக் கேட்டாயிற்று. நடக்கிறவரை மட்டும் ஏழு மாதத்தில் யாரும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டாரா என்று எல்லாரும் இருந்துவிட்டார்கள், கேட்காமல் எதையும் சொல்கிற பழக்கம் சென்னியப்பனுக்கு என்றைக்கும் இருந்ததில்லை என்பதைக் கட்டிக்கொண்டவளே மறந்துபோனாள். அவரோடு ஒரு சுற்று நடந்து, குனிந்து, கேட்டாள்.

"ஏனுங், தலைவர் போயிட்டாரு. இனி என்ன பண்ணுனா நீங்க நிப்பீங்க?"

"மாத்தாள் வந்தா நிக்கப்போறேன்" என்றார் அவர், இதென்ன கேள்வி என்பதுபோல. "மில்லுல எப்புடி? அடுத்த ஷிப்டுக்காரன் வந்து மிஷின் முன்னால நிக்காம நான் என்னைக்காச்சும் எறங்கி வந்திருக்கறனா? ஒருத்தன் வரலீன்னா ரெண்டு ஷிப்டு, மூணு ஷிப்டுன்னு நிக்கறதுதான். காலு அப்புடிப் பழகிப்போச்சு மயிலு. ஒருத்தர் வந்து ஏறுனா எறங்கிக்கும்."

அவ்வளவுதான். ஏழு மாதப் பூட்டுக்குச் சாவி அவ்வளவுதான். அவளுக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வந்தது, வந்த வேகத்திலேயே அதன்மேல் பயம் ஏறி உட்கார்ந்தது. ஏறுகிறவருக்கு யார் மாத்தாள்?

மறுநாள் காலையிலிருந்து அவள் வீடு வீடாகப் போனாள். காலனியில் அறுபத்திரண்டு வீடு. சென்னியப்பன் எங்க குலதெய்வம் மாதிரி என்றார்கள், அவருக்காக உயிரையே கொடுப்போம் என்றார்கள், உள்ளே வாங்க, காப்பி குடிங்க என்றார்கள். எட்டு மணி நேரம் நடந்து கொடுங்கள், அடுத்த எட்டு மணி நேரத்துக்கு இன்னொருவர் வருவார், ஆளுக்கு மாதத்தில் ஒரு முறைகூட வராது என்று அவள் சொன்னதும், ஒரு வீட்டில் முதுகு வலித்தது, ஒரு வீட்டில் மாமியாருக்கு முடியவில்லை, ஒரு வீட்டில் பையனுக்குப் பெண் பார்க்கப் போகிறார்கள். "வர்றவன் வரலீன்னா?" என்று மட்டும் ஒரே ஒருவர் உண்மையைக் கேட்டார். அவள் அடுத்த வீட்டுக்குப் போனாள். மூன்று நாள் நடந்தாள். மூன்றாம் நாள் கடைசி வீடுகளில் அவள் வருவதைப் பார்த்தே கதவைச் சாத்தினார்கள். ஒரு வீட்டில் டிவி ஓடும் சத்தம் கேட்டது, அவள் கதவைத் தட்டியதும் அது நின்றது, அப்புறம் மூச்சுக்கூடக் கேட்கவில்லை.

நான்காம் நாள் காலை ஆறு மணிக்கு, நடைப்பயிற்சிக்காரர்கள் எல்லாரும் வெளிப்பாதையில் இருக்கும்போது, மயிலாத்தாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எட்டின் கரையில் வந்து நின்றாள். மாரியாத்தாளைக் கூப்பிட்டாள், மகள் பேரைச் சொன்னாள். சென்னியப்பன் வளைவில் வந்தார், இப்போது அவர் அவள் இடுப்புக்கு ஒரு சாண் மேலே இருந்தார். அவருக்கு முன்னால் காலெடுத்து வைத்தாள்.

கால் வைத்த நிமிஷமே தெரிந்துவிட்டது. இடுப்புக்குக் கீழே இருந்ததை யாரோ தன்னிடமிருந்து வாங்கிக்கொண்டதுபோல் இருந்தது. வலது கால் தன்னால் போனது, இடது கால் தன்னால் போனது, நில் என்று மனசுக்குள் கத்தினாள், அது எங்கோ கிணற்றுக்குள் கத்தியதுபோல் போனது. பின்னால் தொப்பென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்க்க அடுத்த வளைவு வர வேண்டியிருந்தது. சென்னியப்பன் கரைக்கு வெளியே புல்லில் உட்கார்ந்திருந்தார், காலை நீட்டிக்கொண்டு, தன் பாதத்தையே அதிசயமாகப் பார்த்துக்கொண்டு.

அவரைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் படுக்கவைத்தார்கள். பிறகு எல்லாரும் திரும்பி வந்து வேலியோரமாக நின்றார்கள். ஏழு மணி, எட்டு மணி, பத்து மணி. வெயில் ஏறியது. அவள் நடந்தாள். ஒவ்வொரு சுற்றிலும் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், பார்த்த முகம் குனிந்தது. பன்னிரண்டு மணிக்குத் திருமூர்த்தி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கரைக்கு வெளியே நடந்தபடி கொடுத்தார். குடித்தாள். ஒரு மணிக்கு அவளுக்கு ஒன்று விளங்கியது, இவர்கள் கெட்டவர்கள் இல்லை, கெட்டவர்களாய் இருந்தாலாவது சபிக்கலாம், இவர்கள் நாளைக்குத் தனக்கும் சோறு ஊட்டுவார்கள், குளிப்பாட்டுவார்கள், கூட நடந்து பத்திரிகை வைப்பார்கள். அதை நினைத்தபோது வந்த பயம்தான் பெரிய பயம்.

இரண்டு மணிக்குக் கூட்டம் விலகியது. சென்னியப்பன் வந்துகொண்டிருந்தார். தூங்கி எழுந்த முகம், நெற்றியில் திருநீறு, நான்கு மடிப்புத் தைத்த வேட்டி, பள்ளிக்கூடப் பிள்ளை உயரத்துக்கு ஒரு மனிதர் தனியாக நடந்து வந்தார்.

"மணி ரெண்டாச்சு மயிலு" என்றார். "செகண்டு ஷிப்டு. நீ எறங்கு, நான் வந்துட்டேன்."

"வேண்டாம்!" என்று அவள் அலறினாள். "ஏறாதீங்! சாமி, யாராச்சும் அவரப் புடிங்க, ஏற உடாதீங்க!" அவள் கால்கள் அவளை அடுத்த வளைவுக்குத் தூக்கிக்கொண்டு போயின, கழுத்தைத் திருப்பிக்கொண்டே கத்தினாள். அவர் கரையோரம் வந்து, எப்போதும் மிஷினுக்கு முன்னால் செய்வதுபோல, குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அறுபத்திரண்டு வீட்டு ஆட்களும் நின்று பார்த்தார்கள். ஒருவன் தொண்டையைச் செருமினான், அவ்வளவுதான்.

திருமூர்த்தி வேலியிலிருந்து வந்தார். ஓடி வரவில்லை, பின்னாலிருந்து யாரோ தள்ளுவதுபோல் வந்தார். சென்னியப்பனை இரண்டு தோளையும் பிடித்து, பிள்ளையை நகர்த்துவதுபோல் நகர்த்தி ஓரமாக நிறுத்தினார். "நாந்தான் சொன்னேன், நிக்காதீங்கன்னு நாந்தான் சொன்னேன்" என்று இரண்டு முறை சொன்னார், யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஏறினார்.

மயிலாத்தாளின் கால்கள் அவளிடம் திரும்பி வந்தன, வந்த உடனே மடங்கின. புல்லில் விழுந்து கிடந்து அவள் மேலே பார்த்தபோது திருமூர்த்தி அவளைத் தாண்டிப் போனார். அவர் முகத்தில் இருந்தது அவளுக்கு நன்றாகத் தெரிந்த அந்தப் பார்வை.

"அக்கா, பத்து மணிக்கு யாராச்சும்..." என்றார், சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வளைவுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து இருவரும் ஒரு பாயில் படுத்தார்கள். ஏழு மாதம் கழித்து அவர் கால் அசையாமல் பக்கத்தில் கிடந்தது. அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள், மறுபடியும் தொட்டுப் பார்த்தாள். கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டாளா என்று எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். தூக்கம் வரவில்லை. தெருவில் பேச்சு சத்தமே இல்லை, அவரவர் வீட்டில் அவரவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் கதவைத் தட்டினார்கள். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். திருமூர்த்தியின் மனைவி வசந்தாமணி நின்றிருந்தாள், தலை கலைந்து, ஒரு காலில் மட்டும் செருப்போடு.

"அக்கா" என்றாள் வசந்தாமணி. "கடைசி வீதியிலிருந்து கேட்டுட்டே வர்றேங்க்கா. காப்பி குடிங்கறாங்க. உள்ள வாங்கறாங்க. பத்து மணிக்கு ஆருன்னா ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டேங்கறாங்க. எங்கூட்டுக்காரருக்கு நெஞ்சுல ஸ்டெண்டு வெச்சிருக்குதுங்க்கா."

மயிலாத்தாள் தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றாள். திறக்காமல் இருக்கலாம். பாயில் படுத்திருப்பவரைப் பார்த்தாள், அவர் வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார், கண்ணை மூடிக்கொண்டு. இந்தக் கதவைச் சாத்திக்கொள்ள இந்தக் காலனியில் யாருக்காவது பாத்தியதை இருந்தால் அது தனக்குத்தான் இருந்தது. அதை அவள் நன்றாக ஒரு முறை நினைத்துப் பார்த்தாள். உள்ளங்கால் எரிந்தது.

தாழ்ப்பாளைத் திறந்து வெளியே வந்தாள். வெளிப்பக்கம் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"வா அம்மிணி" என்றாள். "நானும் வர்றேன். மறுக்கா முதல்லயிருந்து கேப்போம்."

இருவரும் தெருவைக் கடந்து எதிர்வீட்டு வாசலில் ஏறினார்கள். உள்ளே விளக்கு எரிந்தது, டிவியில் ஏதோ நாடகம் ஓடிக்கொண்டிருந்தது. மயிலாத்தாள் அழைப்பு மணியை அழுத்தினாள். டிவி சத்தம் நின்றது. வசந்தாமணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம்கூட இல்லை.

மயிலாத்தாள் மறுபடியும் அழுத்தினாள்.